கைதான் எடுத்துச்சு

ஜனவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா, உன் அத்தான், பாப்பா எல்லாரும் நலம். ஆறு நாளாய் நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை மறந்து சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான் தப்பித்திருக்கிறாய். கடிதத்தில் உன் மூஞ்சி தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் தொடரைப் பார்த்தோம்.

முதல் வெள்ளிக்கிழமை வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்பா மாடிவீட்டுக்காரர்களையும் எதிர்வீட்டு வாத்தியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். பதினோரு வருஷமாய்ப் பிணமாகவும் கூட்டத்தில் ஒருவனாகவும் வந்துபோன பிள்ளை இப்போது பெயரோடு வருகிறான், இருக்காதா பின்னே. நீ திரையில் தலைகாட்டியதும் "என் பையன், என் பையன்" என்று தொடையைத் தட்டினார். உன் வேடம் பங்களாவில் வேலைக்காரன். பேர் இழுவை. அக்கரைக்காரன். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் இழுத்து இழுத்துப் பேசுகிறான். வாரம் ஒரு பொருளைத் திருடுகிறான். பிடிபட்டதும் கண்ணை உருட்டிக்கொண்டு, "நான் எடுக்கலீங்களேஏ... கைதான் எடுத்துச்சூஊ" என்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மறைக்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் எனக்குப் புரிந்தது. நீ ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனாய். இடது தோளைச் சாய்த்து, வலது காலை லேசாக வீசி. முப்பத்தைந்து வருஷம் காய்கறி மண்டியில் நின்று ஏலம் கூவின மனுஷனுடைய நடை அது. அந்த இழுப்பும் அவருடையதுதான். "பத்தூஊ, பதினொண்ணூஊ" என்று அவர் குரல் எடுத்தால் மண்டியின் கடைசி மூட்டை வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் போட்ட சோற்றைத்தான் நாம் இரண்டு பேரும் தின்றோம்.

சிரித்துக்கொண்டிருந்த அப்பா நிறுத்தினார். "இவன் யாரு மாதிரியோ நடக்குறானேஏ" என்றார். மாடிவீட்டம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடையிலும் ஒரு மாற்றம். நான் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் தைப்பவள்தானே, பேண்ட் நீளம் குறைக்க, ஜாக்கெட் பிடிக்க என்று அளவெடுக்க ஆட்களின் பக்கத்தில் போகவேண்டும். நான் டேப்போடு போனால் பெண்கள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். அது புதுசு இல்லை, தாத்தா ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து நடப்பதுதான். எழுபது வருஷம் ஆகியும் நாம் இவர்களுக்கு அக்கரைக்காரர்கள். முன்பெல்லாம் கொஞ்சம் கூச்சப்பட்டு, நான் பார்க்காத நேரமாய்ப் பார்த்து எடுத்து வைப்பார்கள். இப்போது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்து வைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த பங்களாவில் பதினாலு பேர் இருக்கிறார்கள். வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், பாட்டு வாத்தியார்கூட இருக்கிறார். அக்கரை ஆள் நீ ஒருத்தன். திருடனும் நீ ஒருத்தன். வசனத்தை மனப்பாடம் பண்ணும்போது இது உனக்கு ஒருநாளாவது தோன்றவில்லையா?

அக்கா


ஜனவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரைப் பார்த்ததும் சொத்துத் தகராறோ என்று பயந்துபோனேன். நமக்குச் சொத்தே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பார், எழுத்திலும் உன்னைச் சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறேன். விடு.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். தோன்றியது. முதல் நாளே தோன்றியது.

இந்த வேடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வரிசையில் நாற்பது பேர். என் முறை வந்ததும் நான் எல்லாரையும் போலத்தான் பேசிக் காட்டினேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து நாக்கைப் பழக்கி வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருக்கும் தெரியாது. டைரக்டர் தலையை நிமிர்த்தாமல், "உங்க ஆளுங்க மாதிரி பேசுங்க" என்றார். சரி என்று நம் வீட்டில் பேசுவதுபோலப் பேசினேன். "இது பத்தாதே, இன்னும் வேணும்" என்றார். இன்னும் என்றால் எங்கே போவது? வீட்டுப் பேச்சைத் தாண்டி எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அப்பா மண்டியில் கூவுவதுதான். அதை எடுத்தேன். கூடவே நடையும் வந்துவிட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா, பதினோரு வருஷத்தில் ஓர் அறை என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வெளியே வந்து பாத்ரூமில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

அந்தக் 'கைதான் எடுத்துச்சு' எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. படப்பிடிப்பில் என் வாயில் தானாக வந்தது. கேமராமேன் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடி இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நீ சொல்கிற மாதிரி ஜனங்கள் நம்மை மட்டமாக நினைத்தால், என்னை ஏன் தெருவில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்? போன வாரம் ஒரு டிரைவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். அருவருப்பு இருந்தால் கட்டிப்பிடிப்பார்களா? முன்பு நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இப்போது சிரிக்கிறார்கள். அது ஒரு படி மேலே வந்த மாதிரி இல்லையா?

அப்பாவிடம் நான் அவரை நினைத்துக்கொண்டுதான் நடிக்கிறேன் என்று சொல். இல்லை, வேண்டாம், சொல்லாதே. நானே நேரில் வந்து சொல்கிறேன்.

சின்னவன்


பிப்ரவரி 27

தம்பிக்கு,

அத்தானுக்கு வேலை போய்விட்டது. எப்படிப் போனது என்று முழுசாக எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

உனக்குத் தெரியும், பதினாலு வருஷமாய் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மெஷின் சர்வீஸ் பண்ணுகிறவர். இந்த ஊரில் அவர் பார்க்காத சமையலறை கிடையாது. உள்ளே போகும்போது பையை வாசலிலேயே திறந்து காட்டிவிட்டுத்தான் போவார். யாரும் கேட்டதில்லை, இவராகப் பழகிக்கொண்டது. போகும்போதும் திறந்து காட்டுவார். நான்கூடத் திட்டியிருக்கிறேன், நாமே நம்மைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறதே என்று.

போன செவ்வாய் ஒரு வீட்டில் ஃபில்டர் மாற்றிவிட்டு வந்தார். மறுநாள் அந்த வீட்டம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். மோதிரத்தைக் கழற்றி சிங்க் பக்கத்தில் வைத்தேன், காணோம் என்றார். சத்தம் போடவில்லையாம், குரல் நடுங்கியதாம். மேனேஜர் நல்ல மாதிரிதான். அத்தானைக் கூப்பிட்டு, "பதினாலு வருஷம் பாத்திருக்கேன். நீங்களே சொல்லுங்க, நான் நம்புறேன்" என்றிருக்கிறார். ஆபீசில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அத்தான் சொன்னார்: "நான் எடுக்கல சார்."

பின்னாலிருந்து யாரோ, "கைதான் எடுத்துச்சூஊ" என்றார்கள்.

கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லையாம். வாயில் ஊறிப்போனது, வந்துவிட்டது. பில் போடுகிற பெண் முதலில் சிரித்தது. அப்புறம் எல்லாரும். மேனேஜர் அடக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை, மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாராம். மோதிரத்தைத் தொலைத்த அம்மாகூடச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தான் இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். 'நான்' என்று ஆரம்பித்ததுமே மறுபடியும் சிரிப்பு. அதோடு வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கின பிறகும் பேசவில்லை. பேசாமல் நின்றால் என்ன அர்த்தம், ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம். போலீசுக்கு மட்டும் போகவேண்டாம் என்று சொல்லி, சாவியையும் பையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது, "நான் எடுக்கல" என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தார். "அது எங்கிட்ட வரல" என்றார், "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். கட்டின பெண்டாட்டி முன்னால்கூட அந்த இரண்டு சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை.

நீ கேமரா ஆடினதைப் பெருமையாக எழுதியிருந்தாய்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

அத்தானைப்போல ஒருத்தர் மேல் இப்படி ஒரு பேச்சா. எனக்கு முதல் செருப்பு வாங்கிக் கொடுத்த மனுஷன்.

ஒன்று செய்கிறேன். அந்த மேனேஜரோடு நானே பேசுகிறேன். நம்பர் அத்தான் போனிலிருந்து எப்போதோ வாங்கி வைத்திருக்கிறேன். டிவியில் வருகிறவன் பேசினால் கொஞ்சம் மதிப்பார்கள். என்னால் ஆனது இதுவாவது இருக்கட்டும். அத்தானிடம் இப்போதைக்குச் சொல்லாதே. நல்லபடி முடிந்ததும் அவருக்கே தெரியவரும்.

சின்னவன்


மார்ச் 16

நீ பேசினது தெரியவந்தது.

அத்தானோடு வேலை பார்த்தவர் நேற்று வந்து சொன்னார். மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டாராம். "அட, இழுவை சாரா!" என்று கத்தினாராம். ஆபீஸ் முழுக்க வந்து கூடிவிட்டார்களாம். ஒரு தடவை சொல்லுங்க சார், ஒரே ஒரு தடவை, என்று கெஞ்சினாராம்.

நீ சொன்னாயாமே.

இனிமேல் எழுதாதே.


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

சொன்னேன். அந்த ஆள் சந்தோஷமாக இருந்தால் நான் கேட்பதற்குத் தலையாட்டுவார் என்று நினைத்தேன். நான் இத்தனை வருஷம் பிழைத்ததே அப்படித்தான், முதலில் சிரிக்க வை, பிறகு கேள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, "சார், எங்க அத்தான் விஷயமா..." என்று ஆரம்பித்தேன். "ஓ, அவரு உங்க சொந்தமா?" என்றார். பிறகு யாரோ பின்னால், "குடும்பமேவா?" என்றார்கள். மறுபடியும் சிரிப்பு. எப்படிப் போனை வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

நான் செய்தது தப்பு என்று எழுதினால் அதுவும் ஒரு வசனம் மாதிரி இருக்கிறது. அதனால் அதற்குப் பிறகு செய்ததை எழுதுகிறேன்.

கதை எழுதுகிறவரைத் தேடிப் போனேன். அவர் மோசமானவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா, எப்போதும் தூக்கம் கெட்ட கண். அத்தானுக்கு நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. "நாங்க தமாஷுக்குத்தானேப்பா எழுதுறோம்" என்றார். நான் ஒரே ஒரு காட்சி கேட்டேன். வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகவேண்டும். எல்லாரும் இழுவையைப் பிடிக்கவேண்டும். இழுவை எடுத்திருக்கக்கூடாது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அவன் எடுக்காதவனாக இருக்கவேண்டும்.

எழுதிக் கொடுத்தார் அக்கா. வீட்டு எஜமானியம்மாவின் கைக்கடிகாரம் காணாமல் போகிறது. எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். நான், "நான் எடுக்கலம்மா" என்கிறேன். அவ்வளவுதான். இழுப்பு இல்லை, கண் உருட்டல் இல்லை. அப்படியே நின்றேன். அத்தான் அந்த ஆபீசில் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். செட்டில் லைட் பிடிக்கிறவர்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வசனம் எடுத்துக் கொடுக்கிற அம்மா மூக்கை உறிஞ்சினார். டைரக்டர் வந்து தோளில் கை வைத்து, "நீ நடிகன்யா" என்றார்.

வருகிற பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வழக்கமான நேரம். அத்தானையும் அப்பாவையும் உட்கார வைத்துப் பார். எனக்காக வேண்டாம், அத்தானுக்காகப் பார்.

சின்னவன்


ஏப்ரல் 14

தம்பிக்கு,

பார்த்தோம்.

அத்தான் இப்போதெல்லாம் டிவி இருக்கிற அறைக்கே வருவதில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டித்தான் கூட்டிவந்தேன். டீ டம்ளரோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நீ "நான் எடுக்கலம்மா" என்றபோது அத்தான் டம்ளரைத் தரையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாசத்தில் அப்படி ஒரு முகம் நான் பார்க்கவில்லை. யாரோ தனக்குப் பதிலாக வாயைத் திறந்து சொல்லிவிட்ட மாதிரி.

அப்புறம் அந்தக் கை வந்தது.

உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்றால், தெரிந்துகொள். நீ அப்படி நின்று முடித்ததும் திரையில் ஒரு சட்டைப்பை மட்டும் வந்தது, உன் சட்டை. ஒரு கை அந்தக் கடிகாரத்தை அதற்குள் மெதுவாகப் போட்டு, மேலே இரண்டு தட்டு தட்டியது. டிவிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். மாடிவீட்டிலும் சிரித்தது கூரை வழியாகக் கேட்டது. நீ அத்தனை நேரம் நின்ற நிற்பும் சேர்ந்து பெரிய தமாஷ் ஆகிவிட்டது. பார், என்னமா நடிக்கிறான் திருட்டுப்பயல், என்று.

அத்தான் எழுந்து போய்விட்டார். அப்பா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவன் கை இல்ல" என்றார். "அவனுக்குச் சுண்டு விரல் மண்டிக் கதவுல மாட்டி நசுங்குனது. இதுல விரலு முழுசா இருக்கு." யாரிடமோ முறையிடுகிற மாதிரி இரண்டு மூன்று தடவை சொன்னார். கேட்க நானும் பாப்பாவும்தான் இருந்தோம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மோதிரம் கிடைத்துவிட்டது. அந்த வீட்டு மாவு டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்தம்மாவே ஆபீசுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். ஆபீசிலிருந்து இங்கே யாரும் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர் மூலமாகக் கேள்விப்பட்டு அத்தான் போனார். மேனேஜர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "உங்க மேல தப்பே இல்ல, எனக்குத் தெரியும்" என்றாராம். "ஆனா புக்கிங் பண்றப்பவே கேக்குறாங்க, அக்கரை ஆளை அனுப்பாதீங்கன்னு. சும்மா விளையாட்டுக்குக் கேக்குறாங்களா நிஜமாவே கேக்குறாங்களான்னு எனக்கே புரியல. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?" அத்தான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இப்போது டெப்போவில் பஸ் கழுவுகிறார். யார் வீட்டுக்குள்ளும் போகவேண்டியதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி என்கிறார்.

அப்பாவைப் பற்றி எழுதவேண்டாம் என்று இருந்தேன். போன மாசம் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனார். இவர் வாயைத் திறந்ததும் கடைக்காரன் உள்ளே இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "தாத்தா, இன்னொரு தடவை கேளுங்க" என்று போனில் படம் பிடித்திருக்கிறான். இவருக்கு முதலில் புரியவில்லை. மருந்து இல்லையோ என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் கேட்டிருக்கிறார். நாலு தடவை. அவர்கள் சிரித்த பிறகுதான் புரிந்திருக்கிறது. மருந்தும் வாங்காமல் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து வெளியே போவதில்லை. சாயங்காலம் செய்தி போடுகிற நேரத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவர் சொல்லச் சொல்ல இவரும் கூடவே சொல்கிறார். வணக்கம் என்கிறார், முக்கியச் செய்திகள் என்கிறார். கடைசி எழுத்து வந்ததும் வாயைச் சட்டென்று மூடிக்கொள்கிறார், ஈ உள்ளே போய்விடாமல் மூடுகிற மாதிரி. பாப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறது. "வந்தேனேஏ இல்ல தாத்தா, வந்தேன். அவ்ளோதான், நிறுத்திடணும்." இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொல்கிறார். எழுபத்து மூன்று வயது.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

அந்தக் கை எனக்குத் தெரியாது. நானும் உங்களோடு அதே நேரத்தில்தான், என் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் போய்க் கேட்டேன். உதவி டைரக்டருக்கு என் சட்டையைப் போட்டு எடுத்தார்களாம். எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தபோது இழுவை ரொம்பப் பாவமாகத் தெரிந்தானாம், ஜனங்களுக்கு ஒருமாதிரி ஆகிவிடும் என்று சேனலில் சொன்னார்களாம். எழுதினவர் என்னைப் பார்த்ததும் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "உன் நடிப்பை நாங்க தொடவே இல்லையே, ஒரு ஃப்ரேம்கூட வெட்டல" என்றார் டைரக்டர். நிஜம்தான், ஒன்றையும் வெட்டவில்லை.

வேலையை விட்டுவிட்டேன்.

இதைப் படித்து நீ சந்தோஷப்படவேண்டாம். நான் போனதால் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டே வாரத்தில் வேறு ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள். நம் ஆள் இல்லை, இவர்கள் ஆள்தான். முகத்துக்கு இரண்டு பூச்சு கறுப்பு பூசி விடுகிறார்கள். என் பழைய எபிசோடுகளைக் கொடுத்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பழகியிருக்கிறான். தோள் சாய்வதும் கால் வீசுவதும் அச்சு அசல். இன்னும் கொஞ்சம் சேர்த்து, எச்சில் வேறு ஒழுகவிடுகிறான். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், "புதுசா வந்தவரு உங்களவிட நல்லா பண்றாரு" என்கிறார்கள். அவனை யாரும் அவன் வீட்டு ஆட்களோடு சேர்த்துச் சிரிக்கமாட்டார்கள். முகத்தைக் கழுவினால் போயிற்று.

அப்பாவின் நடையை அவரிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு வந்து இங்கே வைத்தேன். இப்போது நான் கேட்டாலும் திரும்பக் கொடுக்க ஆள் இல்லை.

அப்பாவைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. நீயும் அத்தானும் சரி என்றால் வருகிறேன்.

சின்னவன்


மே 21

தம்பிக்கு,

வா. அத்தானிடம் கேட்டேன். "அவன் வீடு, அவன் வர்றதுக்கு நான் யாரு" என்றார். கோபத்தில் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் சொல்வது எதுவும் ஒரே குரலில்தான் இருக்கிறது.

பகலில் வந்தால் நான் கடையில் இருப்பேன், பாப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும். அப்பா மட்டும் வீட்டில் இருப்பார். கதவைத் திறக்க நேரமாகும், பொறுமையாக நில். நான் ஆறரைக்கு வந்துவிடுவேன். அதுவரைக்கும் போய்விடாதே.

அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

நீ வருவதற்குள் கிளம்பிவிட்டேன். கொண்டுவந்த பழமும் பாப்பாவின் கலர் பென்சிலும் மேஜை மேல் இருக்கும். ஏன் போனாய் என்று அப்பாவிடம் கேட்டிருப்பாய், அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அதனால் நான் எழுதுகிறேன்.

மூன்று மணி இருக்கும். கதவைத் தட்டினேன். அப்பா திறந்தார். இளைத்துப்போயிருக்கிறார், நீ எழுதவே இல்லையே. என்னை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தேன். தெரிந்தது, கண்ணில் தெரிந்தது, உதடுகூட 'வாடா' என்று குவிந்தது. சத்தம் வரவில்லை. வாயை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டு, "வாருங்கள்" என்றார். "உட்காருங்கள். பயணம் எப்படி இருந்தது?"

உட்கார்ந்தேன். அவரே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது, போகிற வழியில் அதைச் சாத்திவிட்டுப் போனார். டம்ளரை என்னிடம் நீட்டி, "நீர் அருந்துங்கள்" என்றார். ஒவ்வொரு சொல்லையும் சொல்லி முடித்து, சரியாகச் சொன்னோமா என்று தனக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அடுத்ததைச் சொல்கிறார். எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருஷமாய் இந்த ஊரில் பேசாத பேச்சு, நம் பேச்சு, தொண்டைக்கு வந்துவிட்டது. அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். "அப்பாஆ, நான்தான்பாஆ, சின்னவன் வந்திருக்கேனேஏ" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன் அக்கா. என் வாழ்க்கையில் அதைவிட நிஜமாக ஒன்றும் நான் சொன்னது கிடையாது.

அப்பா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கதவைப் பார்த்தார், சாத்தின ஜன்னலைப் பார்த்தார். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், கோபம் கொஞ்சம்கூட இல்லாமல், கெஞ்சுகிற மாதிரி, "வீட்டில் அது வேண்டாம்ப்பா" என்றார்.

நான் இழுவையைச் செய்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

இல்லைப்பா என்று சொல்லலாம்தான். எந்தப் பேச்சில் சொல்வது? நம் பேச்சில் சொன்னால் அதுவும் அவனாகத்தான் இருக்கும். எழுந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பேங்கில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி. உடல்நலம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். வேலை கிடைத்ததா என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நல்லது என்றார். வெயில் அதிகம் என்றார். ஆமாம் என்றேன்.

ஆறரை வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தார். கால் வீசாமல், தோள் சாயாமல், சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக நடந்து வந்தார். படியில் நின்று, "சென்று வாருங்கள்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

சின்னவன்